வௌவால்களும் கல்லீரல் அழற்சி வைரஸ்களும்: தேனி மாவட்ட நோயாளிகள், பராமரிப்பாளர்களுக்கான விளக்கம்

சுருக்கமாக

• ஹெபடைடிஸ் ஏ, பி, சி, இ ஆகிய வைரஸ்களுக்கு உறவான வைரஸ்கள் உலகின் பல பகுதிகளில் வௌவால்களின் உடலில் கண்டறியப்பட்டுள்ளன. அவை மனிதருக்கு நோய் தரும் வைரஸ்களிலிருந்து வேறுபட்டவை.
• இந்தியாவில் மனிதருக்கு வரும் வைரஸ் கல்லீரல் அழற்சி மாசடைந்த நீர், உணவு, இரத்தம், உடலுறவு, பிரசவம் ஆகிய வழிகளில் மனிதரிடமிருந்தே மனிதருக்குப் பரவுகிறது.
• மஞ்சள் காமாலை கண்டவருக்கு எந்த வைரஸ் காரணம் என்பதை இரத்தப் பரிசோதனையே கூறும். வௌவாலையோ பழத்தையோ காரணமாகக் கருதிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.
• குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடப்படும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மிகவும் இன்றியமையாதது.
• வௌவால் கடித்த பழத்தை உண்ண வேண்டாம். வௌவால்களைக் கொல்லவும் வேண்டாம்.

இந்த விளக்கம் ஏன்?

கம்பம் பள்ளத்தாக்கில் வௌவாலைக் காணாத வீடு இல்லை எனலாம். மாலை மங்கியதும் அவை திராட்சைப் பந்தல்களையும் கொய்யா, சப்போட்டா, வாழைத் தோட்டங்களையும் நாடி வருகின்றன. காலையில் மரத்தடியில் பாதி கடித்த பழங்கள் கிடக்கின்றன. வீட்டில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை வரும்போது, "வௌவால் கடித்த பழத்தைத் தின்றதால் வந்திருக்குமோ" என்ற ஐயம் எழுவது இயல்பே. வௌவால்களில் ஹெபடைடிஸ் வைரஸ்கள் உள்ளன என்ற செய்தியைப் படித்தவர்களுக்கு இந்த ஐயம் மேலும் வலுப்படும்.

அந்தச் செய்தியில் உண்மை உண்டு. ஆனால் அதிலிருந்து தவறான முடிவுக்கு வந்தால் நோயாளி உரிய காலத்தில் பெறவேண்டிய சிகிச்சையை இழக்க நேரிடும். ஆகவே அறிவியல் கண்டறிந்தது எது, நோயாளியும் பராமரிப்பாளரும் செய்ய வேண்டியது எது என்பவற்றை இங்கே தனித்தனியாக விளக்குகிறோம்.

கல்லீரல் அழற்சி என்றால் என்ன?

கல்லீரலில் ஏற்படும் வீக்கமும் உயிரணுச் சிதைவும் கல்லீரல் அழற்சி எனப்படும். மஞ்சள் காமாலை என்பது அதன் அறிகுறிகளுள் ஒன்று. அதுவே தனி நோய் அன்று. பாதிக்கப்பட்ட கல்லீரலால் பிலிரூபின் என்னும் நிறமியை வெளியேற்ற இயலாதபோது கண்ணின் வெண்பகுதியும் தோலும் மஞ்சளாகின்றன. சிறுநீர் அடர்நிறம் பெறுகிறது.

கல்லீரலையே முதன்மையாகத் தாக்கும் வைரஸ்கள் ஐந்து: ஹெபடைடிஸ் ஏ, பி, சி, டி, இ. பெயரில் வரிசையாக அமைந்திருந்தாலும் இவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. ஒவ்வொன்றும் தனிக் குடும்பம். பரவும் வழியும் வேறு. இவற்றுள் டி வகை, பி வகை இருக்கும் உடலில் மட்டுமே பெருக வல்லது.

மது, பித்தப்பைக் கல், சில மருந்துகள், எலிக்காய்ச்சல் ஆகியவற்றாலும் மஞ்சள் காமாலை வரலாம். முல்லைப் பெரியாற்றுப் பாசன வயல்களில் சேற்றில் இறங்கி வேலை செய்வோர் காய்ச்சல், கெண்டைக்கால் தசைவலி, கண் சிவத்தல் ஆகியவற்றோடு மஞ்சள் நிறமும் கண்டால் எலிக்காய்ச்சலுக்கான பரிசோதனையையும் கேட்டுப் பெற வேண்டும். அது எலியின் சிறுநீர் கலந்த நீரால் வரும் பாக்டீரியா நோய்; உரிய நேரத்தில் தரப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் குணமாகும்.

வௌவால்களில் கண்டறியப்பட்டவை எவை?

2012 முதல் வெளியான சில பெரிய ஆய்வுகள் இத்துறையின் அறிவை மாற்றியமைத்தன.

ஹெபடைடிஸ் இ: 2012இல் வெளியான ஆய்வில் ஐந்து கண்டங்களின் 85 வகை வௌவால்களிடமிருந்து பெற்ற 3,869 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. ஹெபடைடிஸ் இ வைரஸுக்கு உறவான, ஆனால் தனிப் பேரினமாகக் கருதத்தக்க வைரஸ்கள் அவற்றில் கிடைத்தன. அதே ஆய்வாளர்கள் மனிதர்களின் இரத்தத்திலும் இவ்வைரஸ்களைத் தேடினர். 90,000க்கும் மேற்பட்ட இரத்த தானங்களையும் நோயாளிகளின் மாதிரிகளையும் சோதித்தும், வௌவால் வைரஸ் மனிதரிடம் பரவியதற்கான சான்று கிடைக்கவில்லை.

ஹெபடைடிஸ் பி: 2013இல் 54 வகை வௌவால்களின் 3,080 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. பனாமாவிலும் காபோனிலும் பெறப்பட்ட பத்து மாதிரிகளில் ஹெபடைடிஸ் பி வைரஸின் உறவினங்கள் காணப்பட்டன. மியான்மரின் வௌவால்களிலும் இத்தகைய வைரஸ் இருப்பதாக அதே ஆண்டில் செய்தி வெளியானது.

ஹெபடைடிஸ் சி: 2013இல் வெளியான மற்றோர் ஆய்வில் 1,615 வௌவால்கள் சோதிக்கப்பட்டன. ஏறத்தாழ 5 விழுக்காட்டில் ஹெபடைடிஸ் சி வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ்கள் இருந்தன.

ஹெபடைடிஸ் ஏ: 2015இல் 209 வகைச் சிறு பாலூட்டிகளின் 15,987 மாதிரிகள் ஆராயப்பட்டன. வௌவால், எலி, முள்ளெலி, மூஞ்சூறு ஆகியவற்றில் ஹெபடைடிஸ் ஏ வைரஸின் உறவினங்கள் கிடைத்தன. மனிதரின் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் மிகப் பழங்காலத்தில் சிறு பாலூட்டிகளிடம் தோன்றியிருக்கலாம் என்ற கருத்துக்கு இது வலுச்சேர்த்தது.

இவ்வாய்வுகள் பெரும்பாலும் வைரஸ்களின் தொன்மையான மரபு வழியைப் பற்றியவை. இன்று ஒரு நோயாளிக்கு வந்துள்ள காமாலைக்கான காரணத்தை அவை கூறுவதில்லை. மனிதனும் குரங்கும் ஒரு மூதாதையிடமிருந்து வந்திருந்தாலும் இரண்டும் ஒரே உயிரினம் அல்ல. அதுபோலவே வௌவாலின் ஹெபடைடிஸ் வைரஸும் மனிதரின் ஹெபடைடிஸ் வைரஸும் உறவுடையவை; ஆனால் ஒன்றல்ல.

வௌவால்களில் மட்டும் இத்தனை வைரஸ்கள் ஏன்?

உலகில் 1,400க்கும் மேற்பட்ட வௌவால் வகைகள் உள்ளன. பாலூட்டி இனங்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வௌவால் இனமே. இனங்கள் பலவாக இருப்பதால் அவற்றில் வாழும் வைரஸ்களும் பலவாகின்றன. வௌவால்கள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் நெருங்கி வாழ்வதால் வைரஸ் ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு எளிதில் செல்கிறது. உடல் சிறிதாயினும் பல ஆண்டுகள் வாழ்வதும் ஒரு காரணம்.

வௌவாலின் நோய் எதிர்ப்புத் தன்மையும் தனித்துவமானது. பறக்கும் பாலூட்டி வௌவால் மட்டுமே. பறக்கும்போது அதன் உடல் பெருமளவு ஆற்றலைச் செலவிடுகிறது. அந்தக் கடும் உழைப்பைத் தாங்கும் வகையில் உடலின் அழற்சி எதிர்வினை அடங்கியே இயங்குகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். மனித உடல் வைரஸை எதிர்த்துக் கடுமையாகப் போரிடும்; அந்தப் போரிலேயே கல்லீரல் உயிரணுக்கள் சிதைகின்றன. வௌவாலின் உடலோ பல வைரஸ்களைக் கட்டுக்குள் வைத்து அவற்றோடு வாழப் பழகியுள்ளது. இதனாலேயே வௌவால்கள் வைரஸ்களின் இயற்கைத் தாங்கிகள் எனப்படுகின்றன.

இவ்வைரஸ்கள் மனிதருக்கு வருமா?

வைரஸ் ஓர் உயிரணுவுக்குள் நுழைய, அந்த உயிரணுவின் மேற்பரப்பில் உரிய புரதம் இருக்க வேண்டும். அது பூட்டும் சாவியும் போன்றது. ஓர் உயிரினத்தின் பூட்டுக்கு அமைந்த சாவி மற்றோர் உயிரினத்தின் பூட்டைப் பெரும்பாலும் திறப்பதில்லை.

விதிவிலக்குகள் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டின் ஆய்வில், இலைகளை மடித்துக் கூடாரம்போல் அமைத்துத் தங்கும் அமெரிக்க வௌவால் ஒன்றின் ஹெபடைடிஸ் பி உறவின வைரஸ், ஆய்வகத்தில் மனிதக் கல்லீரல் உயிரணுக்களைத் தொற்ற வல்லதாக இருந்தது. இது ஆய்வகச் சோதனையின் முடிவு. விஞ்ஞானிகள் இவ்வைரஸ்களைத் தொடர்ந்து கண்காணிப்பதற்கு இத்தகைய முடிவுகளே காரணம்.

விலங்குகளிடமிருந்து மனிதருக்கு ஹெபடைடிஸ் வந்த நிகழ்வுகளும் உள்ளன. ஆனால் அவற்றில் தொடர்புடையவை வேறு விலங்குகள். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் சரியாக வேகாத பன்றி, காட்டுப்பன்றி இறைச்சியால் ஹெபடைடிஸ் இ வைரஸின் சில வகைகள் மனிதருக்கு வருகின்றன. எலியின் ஹெபடைடிஸ் இ வைரஸ் ஒருவருக்குத் தொற்றியது 2018இல் ஹாங்காங்கில் கண்டறியப்பட்டது. இந்தியாவில் மனிதருக்கு நோய் தருவது பெரும்பாலும் ஹெபடைடிஸ் இ வைரஸின் முதல் மரபு வகை. அது மனிதரிடம் மட்டுமே காணப்படுவது; கழிவுநீர் கலந்த குடிநீரால் பரவுவது.

மேகமலையின் அரிய வௌவால்

வௌவால் ஆய்வில் தேனி மாவட்டத்துக்குத் தனி இடம் உண்டு. 1948இல், சின்னமனூருக்கு மேலே உள்ள ஹைவேவிஸ் மலைப்பகுதியில், தேயிலைத் தோட்ட அலுவலரும் இயற்கை ஆர்வலருமான ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழந்தின்னி வௌவாலைச் சேகரித்தார். ஊர்ப்புறங்களில் காணப்படும் குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால் என்றே அது முதலில் கருதப்பட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் வைக்கப்பட்டது. 1972இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதனை மீண்டும் ஆராய்ந்து, அது முற்றிலும் புதிய பேரினம் என அறிவித்தார். பறவையியலாளர் சாலிம் அலியின் நினைவாக அதற்குப் பெயரிடப்பட்டது. தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் இவ்வினம் அழியும் நிலையில் உள்ளது. அந்த மலைப்பகுதி இன்று 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தைச் சார்ந்தது.

பள்ளத்தாக்கின் ஊர்களில் காணப்படுபவை பெரும்பாலும் வேறு இனங்கள்: ஆலமரம், புளியமரம் ஆகியவற்றில் கூட்டமாகத் தலைகீழாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால், வாழைக்கும் கொய்யாவுக்கும் வரும் குட்டைமூக்கு வௌவால், பாழடைந்த கட்டடங்களிலும் குகைகளிலும் கோயில் மண்டபங்களிலும் தங்கும் பூச்சியுண்ணும் வௌவால்கள்.

பழந்தின்னிகள் காட்டு மரங்களின் விதைகளைப் பரப்புகின்றன; இலவம், இலுப்பை போன்றவற்றின் மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகின்றன. பூச்சியுண்ணும் வௌவால்கள் பயிர்களைத் தாக்கும் பூச்சிகளையும் கொசுக்களையும் இரவு முழுவதும் உண்கின்றன. முன்பு பழந்தின்னி வௌவால்கள் சட்டத்தில் தீங்குயிர்களாகப் பட்டியலிடப்பட்டிருந்தன. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது.

வௌவால் தங்கும் மரத்தை வெட்டுவதாலோ புகையிட்டு விரட்டுவதாலோ நோய் குறையாது. அஞ்சிச் சிதறும் வௌவால்கள் புதிய இடங்களுக்கும் வீடுகளுக்கு அருகிலும் செல்லும். அவற்றைப் பிடிக்க முயல்வோர் கடிபடவும் நேரிடும். ஆஸ்துமாவுக்கு மருந்தென்று வௌவால் இறைச்சி உண்பதும் பயனற்றது; வேட்டையாடிச் சமைப்பவருக்கு அதனால் ஆபத்தும் உண்டு.

அப்படியானால் மஞ்சள் காமாலை எங்கிருந்து வருகிறது?

நீராலும் உணவாலும் வருபவை: ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ

பாதிக்கப்பட்டவரின் மலத்தில் வெளியேறும் வைரஸ் குடிநீரிலோ உணவிலோ கலந்து மற்றவரைச் சென்றடைகிறது. இதற்கு இந்தியாவின் பெரும் சான்று டெல்லியில் 1955 டிசம்பர் முதல் 1956 ஜனவரி வரை பரவிய காமாலை நோய். யமுனை ஆற்றில் கழிவுநீர் கலந்து நகரக் குடிநீரில் சேர்ந்ததால் ஏறத்தாழ 29,000 பேர் காமாலையால் பாதிக்கப்பட்டனர். அதற்குக் காரணம் ஹெபடைடிஸ் இ என்பது பின்னாளில் சேமிப்பு மாதிரிகளைச் சோதித்தபோது உறுதியானது.

கம்பம் பள்ளத்தாக்கிலும் கவனிக்க வேண்டியது நீரையே. உடைந்த குடிநீர்க் குழாய் சாக்கடையின் அருகே செல்லும் தெரு, மழைவெள்ளம் புகுந்த கிணறு, சுருளி போன்ற தலங்களில் கூட்டம் கூடும் நாட்களில் அருந்தும் நீர், அதிகாலையில் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோர் வழியில் பிடித்துக் குடிக்கும் நீர் ஆகியவை கவனத்துக்குரியவை. கொதிக்கவைத்து ஆறிய நீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வது எளிய பாதுகாப்பு. ஒரே தெருவில் சில நாட்களுக்குள் பலருக்குக் காமாலை கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ உள்ளாட்சி அலுவலகத்துக்கோ உடனே தெரிவியுங்கள். குழாய்க் கசிவைக் கண்டறிந்து, நீரில் குளோரின் அளவைச் சரிசெய்தால் அடுத்த வீட்டாரைக் காக்கலாம்.

ஹெபடைடிஸ் இ கர்ப்பிணிகளுக்கு மிகக் கடுமையானது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இந்நோய் வந்தால் உயிரிழப்பு விகிதம் 20 முதல் 25 விழுக்காடு வரை இருக்கக்கூடும். கர்ப்பிணிக்குக் காமாலை கண்டால் ஒரு நாளும் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இரத்தத்தாலும் உடல் திரவங்களாலும் வருபவை: ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி

பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கு, பாதுகாப்பற்ற உடலுறவால், ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்குப் போடுவதால், சுத்தம் செய்யாத சவரக்கத்தி, பச்சை குத்தும் ஊசி, காது குத்தும் கருவி ஆகியவற்றால் இவை பரவுகின்றன. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்புடன் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம் பேர் ஹெபடைடிஸ் பி வைரஸுடனும் 55 லட்சம் பேர் ஹெபடைடிஸ் சி வைரஸுடனும் வாழ்ந்தனர். இவர்களில் பலருக்கு எந்த அறிகுறியும் இராது. ஆண்டுகள் பல கடந்து கல்லீரல் சுருக்கமோ புற்றுநோயோ வந்த பிறகே நோய் வெளிப்படும்.

நேற்று உண்ட பழத்தால் இன்று காமாலை வருமா?

வராது. வைரஸ் உடலுக்குள் புகுந்து அறிகுறி தோன்றும் வரையிலான காலம் நோய் அரும்பும் காலம் எனப்படும்.

• ஹெபடைடிஸ் ஏ: 15 முதல் 50 நாட்கள்
• ஹெபடைடிஸ் இ: 2 முதல் 10 வாரங்கள்
• ஹெபடைடிஸ் பி: 30 முதல் 180 நாட்கள்
• ஹெபடைடிஸ் சி: 2 வாரங்கள் முதல் 6 மாதங்கள்

ஆகவே மருத்துவர் "கடந்த இரண்டு மாதங்களில் எங்கே நீர் அருந்தினீர்கள், ஊசி போட்டுக்கொண்டீர்களா, அறுவை சிகிச்சையோ பல் சிகிச்சையோ நடந்ததா" என்று கேட்பார். நினைவுபடுத்திச் சொல்வது நோயறிதலுக்கு உதவும். மது அருந்துதல், நாட்டு மருந்து, கடையில் தாமாக வாங்கி உண்ட மாத்திரை ஆகியவற்றையும் மறைக்காமல் கூறுங்கள்.

குழந்தை பிறந்த முதல் 24 மணி நேரம்

ஹெபடைடிஸ் பி வைரஸ் வளர்ந்தவரைத் தொற்றினால் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானோருக்கே அது நாட்பட்ட நோயாகிறது. பிறந்த குழந்தையைத் தொற்றினால் நூற்றுக்கு ஏறத்தாழ தொண்ணூறு குழந்தைகளுக்கு அது வாழ்நாள் நோயாகிவிடுகிறது. குழந்தையின் எதிர்ப்பு மண்டலம் இன்னும் முதிராமையே இதற்குக் காரணம். குழந்தை நலமாகவே வளரும். நாற்பது வயதில் கல்லீரல் பழுதாகும்போதுதான் குடும்பம் அறியும்.

இதைத் தடுக்க இயலும். கர்ப்பிணிகள் அனைவரும் முதல் பரிசோதனையின்போதே ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போடப்பட வேண்டும். தாய்க்குத் தொற்று இருந்தால், 12 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் ஊசியும் குழந்தையின் மற்றொரு தொடையில் போடப்படும். பின்னர் 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசி தொடர வேண்டும்.

பிரசவத்துக்கு உடன் செல்பவர் தாயின் பரிசோதனை முடிவைக் கையில் வைத்திருங்கள். இரவில் பிறந்தாலும், விடுமுறை நாளில் பிறந்தாலும், "குழந்தைக்கு மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட்டாயிற்றா" என்று செவிலியரிடம் கேட்டு, தாய்-சேய் நல அட்டையில் பதிவு செய்யப்பட்டுள்ளதா என்று பாருங்கள். தடுப்பூசி பெற்ற குழந்தைக்குத் தொற்றுள்ள தாய் தாய்ப்பால் கொடுக்கலாம்.

வௌவால் கடித்த பழமும் நிபா வைரஸும்

வௌவால் கடித்த பழத்தைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் ஹெபடைடிஸ் அன்று. பழந்தின்னி வௌவால்கள் நிபா வைரஸின் இயற்கைத் தாங்கிகள். 1998–99இல் மலேசியாவில் முதலில் அறியப்பட்ட இந்நோய், 2018 மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் பரவி 17 உயிர்களைப் பறித்தது. அதன் பின்னரும் அம்மாநிலத்தில் சில முறை தலைகாட்டியது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக நாள்தோறும் கேரளம் சென்று திரும்புவோர் தேனியில் மிகுதி. ஆதலால் இதை அறிந்திருப்பது நன்று. நிபா மூளையையும் நுரையீரலையும் தாக்கும் நோய். காய்ச்சல், கடும் தலைவலி, மனக்குழப்பம், மூச்சுத்திணறல் ஆகியவை அதன் அறிகுறிகள்.

கடைப்பிடிக்க வேண்டியவை:

• கடிபட்ட, பல் தடம் அல்லது கீறல் உள்ள, மரத்தடியில் விழுந்த பழங்களை உண்ண வேண்டாம். கடித்த பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியை உண்பதும் பாதுகாப்பன்று.
• கடைத் திராட்சையையும் மற்றப் பழங்களையும் ஓடும் நீரில் நன்கு கழுவி உண்ணுங்கள். முழுமையான, கழுவிய பழத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. நோயாளிக்குப் பழங்கள் நல்லவை.
• திறந்த கலயத்தில் இறக்கிய கள், பதநீர் ஆகியவற்றைக் காய்ச்சாமல் அருந்த வேண்டாம்.
• கிணறு, நீர்த்தொட்டி ஆகியவற்றை மூடி வையுங்கள்.
• வௌவால் கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.
• இறந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள்.

வீட்டில் பராமரிப்பது எப்படி?

ஹெபடைடிஸ் ஏ, இ ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் ஓய்வும் ஊட்டமுமே சிகிச்சை. சில வாரங்களில் தாமாகவே குணமாகும். நோயாளிக்கு இட்லி, இடியாப்பம், கஞ்சி, பருப்பு, பழம் என அவர் விரும்பி உண்ணக்கூடிய எளிய உணவைச் சிறுசிறு அளவாகக் கொடுங்கள். உப்பையும் எண்ணெயையும் முற்றிலும் நீக்கும் கடும் பத்தியம் உடலைத் தளர்த்தும். மது அறவே கூடாது. காய்ச்சலுக்கும் வலிக்கும் மருத்துவரைக் கேளாமல் மாத்திரை தர வேண்டாம்.

கீழாநெல்லியைப் பற்றிப் பலரும் கேட்கின்றனர். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1988இல் ஹெபடைடிஸ் பி தொற்றுள்ளோரிடம் அதைச் சோதித்து நம்பிக்கை தரும் முடிவை வெளியிட்டனர். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க்கும் அதில் பங்கேற்றார். ஆயினும் பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகளில் அந்தப் பயன் உறுதிப்படவில்லை. ஆகவே கீழாநெல்லியை நம்பிப் பரிசோதனையையோ மருந்தையோ நிறுத்தக் கூடாது. கையில் சூடு போடுதல், மூக்கில் சாறு விடுதல் ஆகியவை புண்ணையும் தொற்றையும் தருமே அன்றி நோயைத் தீர்ப்பதில்லை. தானாகக் குணமாகும் காமாலையையே இவை குணப்படுத்தியதாக நம்பப்படுகிறது.

பின்வரும் அறிகுறிகளில் ஒன்று தோன்றினாலும் 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள்:

• உளறல், குழப்பம், பகலில் அளவுக்கு மீறிய உறக்கம், கை நடுக்கம்
• இரத்த வாந்தி, கருநிற மலம், ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு
• நிற்காத வாந்தி, சிறுநீர் குறைதல்
• வயிறு வீங்குதல், கால் வீங்குதல்
• கர்ப்பிணிக்குக் காமாலை

ஏ, இ வகை நோயாளி உள்ள வீட்டில் கழிப்பறைக்குச் சென்ற பின்னும் சமைக்கும் முன்னும் அனைவரும் சோப்பால் கை கழுவுங்கள். பி, சி வகை நோயாளியின் சவரக்கத்தி, பல்துலக்கி, நகவெட்டி ஆகியவற்றைத் தனியே வையுங்கள். இவ்விரு வகைகளும் ஒரே தட்டில் உண்பதாலோ அருகில் அமர்வதாலோ தழுவுவதாலோ பரவுவதில்லை. பாதிக்கப்பட்டவரை ஒதுக்கி வைப்பதற்கு மருத்துவக் காரணம் ஏதுமில்லை.

பரிசோதனையும் சிகிச்சையும்

2018 ஜூலை 28, உலக கல்லீரல் அழற்சி நாளன்று, தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. இத்திட்டத்தின்கீழ் ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றுக்கான பரிசோதனையும் மருந்தும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன.

ஹெபடைடிஸ் சி இன்று குணப்படுத்தக்கூடிய நோய். நாள்தோறும் உண்ணும் மாத்திரைகளால் பெரும்பாலோருக்கு 12 வாரங்களில் வைரஸ் முற்றிலும் நீங்குகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸை முற்றிலும் நீக்குவது அரிது. ஆயினும் டெனோஃபோவிர் போன்ற மருந்துகள் அதைக் கட்டுக்குள் வைத்து, கல்லீரல் சுருக்கத்தையும் புற்றுநோயையும் பெருமளவு தடுக்கின்றன. தொற்றுள்ள எல்லோருக்கும் உடனே மருந்து தேவைப்படாது. ஆனால் எல்லோரும் மருத்துவர் கூறும் இடைவெளியில் பரிசோதனைக்கு வர வேண்டும். உடல் நன்றாக இருக்கிறது என்று மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. வைரஸ் மீண்டும் சீறி எழக்கூடும்.

குடும்பத்தில் ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரியவந்தால், அவருடைய துணைவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாய் ஆகியோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும்.

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். கம்பம், உத்தமபாளையம், போடிநாயக்கனூர், பெரியகுளம் ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகள் உள்ளன. உயர் சிகிச்சைக்கு, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரை பெறலாம். ஐயங்களுக்கு 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழைக்கலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு மரத்தில் வௌவால்கள் தங்குகின்றன. எனக்கு ஹெபடைடிஸ் பி உள்ளது. இடம் மாற வேண்டுமா?
வேண்டாம். உங்கள் தொற்றுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. மரத்தடியில் உணவுப் பொருள்களையும் நீரையும் திறந்து வைக்காதீர்கள். எச்சத்தைக் கூட்டும்போது நீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து கூட்டுங்கள்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எல்லா வகைக் காமாலையையும் தடுக்குமா?
தடுக்காது. அது பி வகையையும், அதனைச் சார்ந்துள்ள டி வகையையும் மட்டுமே தடுக்கும். ஏ, இ வகைகளுக்குத் தூய நீரும் கை கழுவுதலும் முதன்மைப் பாதுகாப்பு.

காமாலை நீங்கிவிட்டது. பரிசோதனை தேவையா?
எந்த வைரஸால் வந்தது என்பது இன்னும் தெரியாவிட்டால் கட்டாயம் தேவை. கண்ணின் மஞ்சள் நிறம் மறைந்த பின்னும் பி, சி வகை வைரஸ்கள் உடலில் தங்கியிருக்கலாம். ஒரு முறை இரத்தம் கொடுத்துத் தெரிந்துகொள்வது உங்களையும் உங்கள் வீட்டாரையும் காக்கும்.